ஆங்கில எழுத்துக்கூட்டுப் பாடநூல்களின் வரலாறு: அசைப் பிரிப்பு, சொல்லீறு, ஒப்பீட்டுப் பெயரடை

ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் சிறுவர்களுக்கு எழுத்து, அசை, சொல் என்ற வரிசையில் மொழியைக் கற்பித்தவை எழுத்துக்கூட்டுப் பாடநூல்கள். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான பிள்ளைகள் கையில் எடுத்த முதல் பாடநூல் இதுவே. இன்று தொடக்கப்பள்ளியில் தனித்தனிப் பாடங்களாக நடத்தப்படும் அசைப் பிரிப்பு, சொல்லின் ஈறுகள், ஒப்பீட்டுப் பெயரடை ஆகிய மூன்றும் இந்நூல்களோடும் இவற்றை அடுத்து வந்த இலக்கண நூல்களோடும் வளர்ந்தவை. சொல்லைப் பிரிக்கும்போது இலத்தீன் விதியைப் பின்பற்றுவதா, பேசுபவரின் நாவையும் கேட்பவரின் காதையும் பின்பற்றுவதா என்ற கேள்வி இவ்வரலாறு முழுவதும் தொடர்கிறது.

இக்கட்டுரையில் அசை என்பது ஒரு மூச்சில் ஒரு உயிரொலியைச் சுற்றி ஒலிக்கும் பகுதியைக் குறிக்கும். தமிழ் யாப்பிலக்கணத்தின் அசை இதிலிருந்து வேறானது. யாப்பில் ‘மரம்’ என்பது ஒரே நிரையசை. ஒலிப்பு முறையில் அது ‘ம–ரம்’ என இரண்டு அசை.

பின்னணி

எழுத்திலிருந்து அசைக்கும், அசையிலிருந்து சொல்லுக்கும் செல்லும் முறை பழைய கிரேக்க, ரோமானியப் பள்ளிகளிலேயே இருந்தது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய ஆசிரியர் குவிண்டிலியன், அசைகளைக் கற்பதற்குக் குறுக்கு வழி இல்லை, அனைத்தையும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டும் என்று கருதினார். 4-ஆம் நூற்றாண்டில் டொனாட்டஸ் எழுதிய சிறு இலக்கண நூல் வினா விடை வடிவில் அமைந்தது. பெயரடைக்கு இயல்பு நிலை, ஒப்பீட்டு நிலை, உச்ச நிலை என மூன்று நிலைகள் உண்டு என்ற பாடத்தை ஐரோப்பியச் சிறுவர்கள் பல நூற்றாண்டுகள் அந்நூலில்தான் படித்தனர். அவர்கள் படித்த மொழி இலத்தீன்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பள்ளியில் கற்பிக்கும் நூல்கள் பெருகியபோது அவற்றின் ஆசிரியர்கள் இலத்தீன் நூல்களின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டனர். ஆங்கிலத்தின் ஒலிப்பும் எழுத்தும் இலத்தீனைப் போல ஒன்றோடொன்று பொருந்துவன அல்ல என்பதால் சிக்கல்கள் தோன்றின.

தில்வொர்த்தின் நூல்

இங்கிலாந்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் தாமஸ் தில்வொர்த் 1740-ல் ஆங்கில மொழிக்கான புதிய வழிகாட்டி ஒன்றை வெளியிட்டார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அதனை 1747-ல் பிலடெல்பியாவில் மறுபதிப்புச் செய்தார். அமெரிக்கக் குடியேற்றப் பகுதிகளில் மிகுதியாகப் பயன்பட்ட எழுத்துக்கூட்டு நூல் இதுவே ஆயிற்று. ஒரு அசைச் சொற்கள், இரண்டு அசைச் சொற்கள், மூன்று அசைச் சொற்கள் என்ற பட்டியல்களும், இடையிடையே படிப்பதற்கான சமய வாக்கியங்களும், பின்பகுதியில் இலக்கணமும் அதில் இருந்தன.

தில்வொர்த் பழைய விதியைப் பின்பற்றினார். இரண்டு உயிர்களுக்கு இடையில் ஒரு மெய் வந்தால் அது பின்னுள்ள உயிரோடு சேரும். ஒரு சொல்லின் தொடக்கமாக வரக்கூடிய இரண்டு மெய்கள் நடுவில் வந்தால் அவற்றைப் பிரிக்கக் கூடாது. இதன்படி பழக்கம் என்று பொருள்படும் ‘ஹாபிட்’ என்ற சொல் எச்-ஏ ஓர் அசை, பி-ஐ-டி மற்றோர் அசை எனப் பிரிந்தது. கொத்து என்று பொருள்படும் ‘கிளஸ்டர்’ என்ற சொல்லில் ‘ஸ்ட’ என்ற ஒலி முழுவதும் இரண்டாம் அசைக்குச் சென்றது. நாடு என்று பொருள்படும் ‘நேஷன்’ என்ற சொல் மூன்று அசைகளாக எழுதப்பட்டது. பேச்சில் அதற்கு இரண்டு அசைகளே உண்டு.

நோவா வெப்ஸ்டரின் மாற்றம்

கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்த நோவா வெப்ஸ்டர் (1758–1843) யேல் கல்லூரியில் 1778-ல் பட்டம் பெற்றார். சட்டம் படித்தும் வழக்கறிஞர் தொழில் வருமானம் தராததால் பள்ளி ஆசிரியர் ஆனார். 1782-ல் நியூயார்க் மாநிலத்தின் கோஷன் என்ற ஊரில் கற்பித்துக்கொண்டிருந்தபோது தன் எழுத்துக்கூட்டு நூலைத் தொகுத்தார். 1783-ல் ஹார்ட்ஃபோர்டு நகரில் அதன் முதல் பதிப்பு 5000 பிரதிகள் அச்சாயிற்று. 1784-ல் இலக்கணமும் 1785-ல் வாசிப்பு நூலும் அதன் அடுத்த இரு பகுதிகளாக வந்தன. எழுத்துக்கூட்டு நூல் பின்னர் ‘அமெரிக்க எழுத்துக்கூட்டு நூல்’ என்ற பெயரைப் பெற்றது. நீல அட்டையால் மக்கள் அதனை ‘நீலமுதுகு நூல்’ என்று அழைத்தனர்.

தில்வொர்த்தின் அசைப் பிரிப்பை வெப்ஸ்டர் நேரடியாக எதிர்த்தார். அவரது வாதம் வகுப்பறை அனுபவத்திலிருந்து பிறந்தது. உயிரொலியில் முடியும் அசையைக் காணும் பிள்ளை அந்த உயிரை நெடிலாகப் படிக்கும். எச்-ஏ என்பதைத் தனி அசையாகக் காட்டினால் பிள்ளை ‘ஹே’ என்று படித்து, முழுச் சொல்லை ‘ஹேபிட்’ என்று தவறாகச் சொல்லும். மெய்யை முன் அசையோடு சேர்த்து எச்-ஏ-பி என்று காட்டினால் உயிர் குறுகி ஒலிக்கும், சொல்லும் சரியாக வரும். ‘கிளஸ்–டர்’ என்ற பிரிப்பும் இதே காரணத்தால் அமைந்தது. ‘நேஷன்’ போன்ற சொற்களின் இறுதியில் வரும் டி-ஐ-ஓ-என் என்ற ஈற்றை வெப்ஸ்டர் ‘ஷன்’ என்று ஒலிக்கும் ஒரே அசையாகக் கொண்டார். உயிர்களின் பல்வேறு ஒலிகளைக் காட்ட அவற்றின் மேல் எண்களையும் இட்டார்.

இம்மாற்றம் எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. ‘தில்வொர்த்தின் ஆவி’ என்ற புனைபெயரில் ஒருவர் 1784–85-ல் கனெக்டிகட் இதழ்களில் வெப்ஸ்டரைத் தாக்கி எழுதினார், வெப்ஸ்டரும் மறுமொழி எழுதினார். நூலைப் பிறர் திருடி அச்சிடுவதைத் தடுக்க அவர் மாநிலம் மாநிலமாகச் சென்று பதிப்புரிமைச் சட்டம் இயற்றுமாறு வலியுறுத்தினார். அமெரிக்க ஒன்றியத்தின் முதல் பதிப்புரிமைச் சட்டம் 1790-ல் வந்தது. 1828-ல் வெளியான அவரது 70,000 சொற்கள் கொண்ட பேரகராதிக்காக உழைத்த ஆண்டுகளில் இந்தச் சிறுநூலின் வருமானமே அவர் குடும்பத்துக்கு முதன்மை ஆதாரமாக இருந்தது. 1829-ல் நூல் திருத்தப்பட்டுத் ‘தொடக்க எழுத்துக்கூட்டு நூல்’ என்ற பெயரில் வெளிவந்தது. 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பல கோடிப் பிரதிகள் விற்றன.

வகுப்பறையில் எழுத்துக்கூட்டு

அக்காலப் பள்ளியில் பிள்ளைகள் எழுத்துக்கூட்டுப் பாடத்தை உரக்கச் சொன்னார்கள். முதலில் ஓர் அசையின் எழுத்துகளைச் சொல்லி அந்த அசையை ஒலிப்பார்கள். அடுத்த அசையையும் அவ்வாறே சொல்லி இரண்டையும் சேர்ப்பார்கள். ரொட்டி சுடுபவரைக் குறிக்கும் ‘பேக்கர்’ என்ற சொல்லை பி-ஏ ‘பே’, கே-இ-ஆர் ‘கர்’, ‘பேக்கர்’ என்று சொன்னார்கள். ஒவ்வொரு அசையும் ஒரு நிறுத்தமாக இருந்ததால் நீண்ட சொற்களும் சிறு பகுதிகளாகவே மனத்தில் பதிந்தன. பொருள் அறியாத சொற்களையும் பிள்ளைகள் பக்கம் பக்கமாக ஒப்பித்தது இம்முறையின் குறை. இந்தக் குறையே பின்னாளில் இம்முறை மீது வந்த தாக்குதலுக்குக் காரணமாயிற்று.

பள்ளிக்கு வெளியே

வெப்ஸ்டரின் நூல் பள்ளிக்குள் அனுமதிக்கப்படாதவர்களையும் சென்றடைந்தது. அமெரிக்கத் தென்மாநிலங்கள் பலவற்றில் கறுப்பின அடிமைகளுக்கு எழுத்தறிவு புகட்டுவதைச் சட்டம் தடை செய்திருந்தது. தடைச் சட்டம் இல்லாத இடங்களிலும் அடிமை உரிமையாளர்கள் அதனை விரும்பவில்லை.

அடிமையாகப் பிறந்து பின்னர் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பெரும் பேச்சாளராக விளங்கிய ஃபிரெடெரிக் டக்ளஸ், சிறுவனாகப் பால்டிமோர் நகரில் இருந்தபோது வீட்டு எஜமானி அவருக்கு எழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்கினார். கணவர் தடுத்ததும் பாடம் நின்றது. டக்ளஸ் தெருவில் விளையாடும் வெள்ளைச் சிறுவர்களிடம் வாசிக்கக் கற்றுக்கொண்டார். வெப்ஸ்டரின் நூலில் இருந்த சாய்வெழுத்துகளைப் பார்த்து எழுதிப் பழகியதை 1845-ல் வெளியான தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

1881-ல் டஸ்கெகீ கல்விநிலையத்தின் முதல் தலைவரான புக்கர் டி. வாஷிங்டனின் முதல் புத்தகமும் இதுவே. உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை கிடைத்தபின் மேற்கு வர்ஜீனியாவில் உப்புக் காய்ச்சும் உலையில் வேலை செய்த சிறுவனுக்கு, எழுதப் படிக்கத் தெரியாத அவன் தாய் எங்கிருந்தோ ஒரு பழைய நீலமுதுகு நூலைத் தேடிக் கொடுத்தார். சுற்றியிருந்த கறுப்பின மக்களில் அப்போது படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. வாஷிங்டன் அந்நூலைக் கொண்டு எழுத்துகளைத் தானாகவே கற்கத் தொடங்கினார். ஆசிரியர் இல்லாமல் படிப்பவருக்கு அச்சில் உள்ள பிரிப்பே ஒலிக்கு வழிகாட்டி. அசைப் பிரிப்பு பற்றிய சர்ச்சை எவ்வளவு முக்கியமானது என்பது இத்தகைய வாசகர்களிடம்தான் தெளிவாகிறது.

சொல்லீறுகள்

ஆங்கிலத்தில் காலம், பன்மை, ஒப்பீடு ஆகியவற்றைக் காட்டும் ஈறுகள் சிலவே. ஆயினும் எழுத்தில் ஒன்றாக இருக்கும் ஈறு ஒலிப்பில் பலவாக மாறுகிறது. இறந்தகாலத்தைக் காட்டும் இ-டி என்ற ஈறு முற்காலத்தில் தனி அசையாக ஒலித்தது. காலப்போக்கில் அதன் உயிரொலி பல சொற்களில் மறைந்தது. ஜொனாதன் ஸ்விஃப்ட் 1712-ல் வெளியிட்ட மொழிச் சீர்திருத்தக் கருத்துரையில் இவ்வாறு உயிரை விழுங்கி மெய்களை நெருக்கும் வழக்கத்தைக் கண்டித்தார். மொழி அவர் சொல்லைக் கேட்கவில்லை. இன்று ‘ஜம்ப்ட்’ என்பதில் அந்த ஈறு ‘ட்’ ஒலி, ‘பிளேய்ட்’ என்பதில் அதன் மெலிந்த ஒலி. டி ஒலியில் முடியும் வினைகளின் பின் மட்டுமே அது ‘வாண்டட்’ என்பதில் போலத் தனி அசையாக நிலைத்துள்ளது.

ஜீன் பெர்கோ என்ற மொழியியலாளர் 1958-ல் வெளியிட்ட ஆய்வு பிள்ளைகள் இந்த ஈறுகளை எவ்வாறு கற்கிறார்கள் என்பதைக் காட்டியது. அவர் பொருளற்ற சொற்களைப் படங்களோடு காட்டி, நான்கு முதல் ஏழு வயதுவரையான பிள்ளைகளிடம் அவற்றின் பன்மையைக் கேட்டார். ‘வக்’ என்ற புனைசொல்லுக்குப் பெரும்பாலான பிள்ளைகள் சரியான பன்மை சொன்னார்கள். பன்மை ஈறு தனி அசையாகச் சேர வேண்டிய ‘கச்’ போன்ற புனைசொற்களில் பெரும்பாலோர் தடுமாறினர். மனப்பாடம் செய்த சொற்களைத் திருப்பிச் சொல்வதோடு நில்லாமல் பிள்ளைகள் விதிகளையும் உருவாக்கிக்கொள்கிறார்கள் என்பதற்கு இது சான்றாயிற்று. கூடுதல் அசை சேரும் இடமே அவர்களுக்குக் கடினமான இடம் என்பதும் தெரிந்தது.

ஒப்பீட்டுப் பெயரடை

பழைய ஆங்கிலத்தில் பெயரடையின் ஒப்பீடு ஈறுகளால் மட்டுமே காட்டப்பட்டது. இடைக்கால ஆங்கிலத்தில் ‘மோர்’, ‘மோஸ்ட்’ என்ற சொற்களை முன்னால் சேர்க்கும் வழக்கு பரவியது. சில நூற்றாண்டுகள் இரண்டு முறைகளும் கலந்தே வழங்கின. ஒரே பெயரடையில் இரண்டையும் சேர்ப்பதும் உண்டு. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் இத்தகைய இரட்டை ஒப்பீடுகள் உள்ளன. பென் ஜான்சன், அவர் மறைவுக்குப் பின் 1640-ல் வெளியான ஆங்கில இலக்கணத்தில், அதனை ஆங்கிலத்தின் ஒரு நயமாகவே கருதினார்.

ராபர்ட் லவுத் 1762-ல் வெளியிட்ட இலக்கணச் சுருக்கம் இரட்டை ஒப்பீட்டைப் பிழை என்றது. ஓரசைப் பெயரடைகள் பெரும்பாலும் இ-ஆர், இ-எஸ்-டி என்ற ஈறுகளையும், ஈரசைப் பெயரடைகள் ‘மோர்’, ‘மோஸ்ட்’ என்ற முன்சொற்களையும் கொள்ளும் என்று வகுத்தது. லிண்ட்லி மர்ரி 1795-ல் வெளியிட்ட இலக்கணம் இதனை விரிவாக்கியது. ‘ஹாப்பி’ போல ஒய் எழுத்தில் முடிபவை, ‘ஏபிள்’ போல எல்-இ எழுத்துகளில் முடிபவை, ‘பொலைட்’ போலக் கடைசி அசையில் அழுத்தம் பெறுபவை ஆகிய ஈரசைச் சொற்கள் ஈறுகளையும் எளிதில் ஏற்கும் என்றார் மர்ரி. அவரது நூல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எண்ணற்ற பதிப்புகள் கண்டது. இன்றைய பள்ளி விதி ஏறக்குறைய இதுவே.

மூன்று பாடங்களின் இணைப்பு

ஒரு பெயரடையை ஒப்பீட்டு நிலைக்கு மாற்றும் மாணவர் முதலில் அதன் அசைகளை எண்ண வேண்டும். உயரம் என்று பொருள்தரும் ‘டால்’ ஓரசை. ஆகவே ‘டாலர்’ என்று ஈறு சேரும். அழகு என்று பொருள்தரும் ‘பியூட்டிஃபுல்’ மூவசை. ஆகவே ‘மோர்’ முன்னால் வரும். அசைகளைக் காதால் எண்ணத் தெரியாத மாணவருக்கு இந்த விதி பயன்படாது.

அடுத்தது ஈறு சேரும்போது நேரும் எழுத்து மாற்றம். ‘பிக்’ என்பது ‘பிக்கர்’ ஆகும்போது ஜி எழுத்து இரட்டிக்கிறது. காரணம் அசைப் பிரிப்பிலேயே உள்ளது. ஒரு ஜி மட்டும் இருந்தால் முதல் அசை உயிரில் முடிந்ததாகக் கண்ணுக்குத் தோன்றி, படிப்பவர் அதனை நெடிலாக்கக்கூடும். மெய் இரட்டித்தால் முதல் அசை மெய்யில் முடிந்து குறிலாகவே நிற்கும். ‘ஹாபிட்’ சொல்லைப் பற்றி வெப்ஸ்டர் சொன்ன காரணமும் இந்த இரட்டிப்பின் காரணமும் ஒன்றே. ‘ஹாப்பி’ என்பதன் இறுதி ஒய் எழுத்து ஈறு சேரும்போது ஐ எழுத்தாக மாறுகிறது. இங்கு ஒலி மாறவில்லை, ஓர் அசை கூடுகிறது. மூன்று பாடங்களையும் தனித்தனி விதிகளாக மனப்பாடம் செய்யும் மாணவருக்குப் பல விதிகள் தெரியும் இடத்தில், அசையை அறிந்த மாணவருக்கு ஒரே காரணம் தெரிகிறது.

முழுச்சொல் முறையும் எதிர்வினையும்

மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி வாரியத்தின் செயலர் ஹொரேஸ் மான் 1843-ல் ஐரோப்பியப் பள்ளிகளைப் பார்வையிட்டார். திரும்பி வந்து எழுதிய அறிக்கையில் பிரஷ்யப் பள்ளிகளின் முறைகளைப் பாராட்டினார். எழுத்துப் பெயர்களை ஒப்பிக்கும் வழக்கத்தை உயிரற்ற பயிற்சி என்று கருதிய அவர், பொருள் உள்ள முழுச் சொற்களிலிருந்து தொடங்குவதை ஆதரித்தார். 1844-ல் பாஸ்டன் நகரத் தலைமை ஆசிரியர்கள் 31 பேர் நூல் வடிவில் மறுப்பு வெளியிட்டனர். அடுத்த நூறு ஆண்டுகளில் மானின் கருத்து வலுப்பெற்றது. 1930-களில் பரவிய ‘டிக், ஜேன்’ வாசிப்பு நூல்கள் சில சொற்களையே மீண்டும் மீண்டும் காட்டி முழு உருவமாக நினைவில் பதியவைத்தன. நீண்ட அசைப் பட்டியல்கள் பாடநூல்களிலிருந்து மறைந்தன.

ருடால்ஃப் ஃப்ளெஷ் 1955-ல் வெளியிட்ட நூலில், அமெரிக்கப் பிள்ளைகள் படிக்கத் தெரியாமல் வளர்வதற்கு இம்முறையே காரணம் என்று குற்றம் சாட்டினார். நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனின் ஆய்வுகளைத் தொடர்ந்து அன்னா கில்லிங்ஹாம், பெஸ்ஸி ஸ்டில்மன் இருவரும் 1930-களில், வாசிப்பில் இடர்ப்படும் பிள்ளைகளுக்கான பயிற்சி நூலை ஏற்கனவே உருவாக்கியிருந்தனர். அந்த மரபில் வந்த பயிற்சிகள் அசைகளைத் திறந்த அசை, மூடிய அசை முதலிய வகைகளாகக் கற்பிக்கின்றன. மெய்யில் முடியும் அசையில் உயிர் குறிலாகும், உயிரில் முடியும் அசையில் அது நெடிலாகும் என்ற வெப்ஸ்டரின் வாதம் இங்கு புதிய பெயர்களோடு திரும்பி வந்தது.

2010-ல் வெளியாகி அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்ற பொதுக் கல்வித் தரநிலைகள் ஈரசைச் சொற்களைப் பிரித்துப் படிப்பதையும் ஈறுகள் சேர்ந்த சொற்களைப் படிப்பதையும் முதல் வகுப்பில் வைத்தன. ஒப்பீட்டு, உச்ச நிலைகளை மூன்றாம் வகுப்பில் வைத்தன. அசைப் பிரிப்பு விதிகளின் எல்லையும் ஆராயப்பட்டது. டெவின் கேர்ன்ஸ் 2020-ல் வெளியிட்ட ஆய்வு, இரண்டு மெய்களுக்கு இடையில் பிரிக்கும் விதி பெரும்பாலும் பலிக்கிறது என்றும், ஒற்றை மெய்க்கு முன் பிரிக்கும் விதி அந்த அளவுக்கு நம்பத்தக்கதன்று என்றும் காட்டியது. தில்வொர்த்தும் வெப்ஸ்டரும் மோதிய இடம் இந்த ஒற்றை மெய்தான்.

தமிழ் மாணவர்கள்

ஒப்பீட்டுக் கருத்து தமிழ் மாணவருக்குப் புதியதன்று. ‘இது அதைவிடப் பெரியது’ என்ற தொடரில் ஒப்பீட்டை ‘விட’ என்ற சொல் காட்டுகிறது, ‘பெரியது’ என்பது மாறுவதில்லை. பழைய தமிழில் ஐந்தாம் வேற்றுமையின் ‘இன்’ உருபு இப்பணியைச் செய்தது. திராவிட மொழிகளில் பெயரடையோடு ஒப்பீட்டு ஈறு சேர்வதில்லை என்பதை ராபர்ட் கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் குறிப்பிட்டுள்ளார். ஆகவே ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவர் புதிதாகக் கற்க வேண்டியது ஒப்பீட்டைப் பெயரடையின் மேலேயே ஏற்றும் வழக்கத்தைத்தான். ‘மோர் பெட்டர்’ என்ற பிழையில் ‘பெட்டர்’ என்ற சொல்லுக்குள் ஒப்பீடு ஏற்கனவே அடங்கியிருப்பது கவனிக்கப்படுவதில்லை.

எழுத்து முறையும் வேறு. தமிழில் ‘கி’ என்ற உயிர்மெய் எழுத்தே ஏறத்தாழ ஓர் அசை. எழுத்துகளை வரிசையாக ஒலித்தால் சொல் பெரும்பாலும் வந்துவிடும். ஆங்கிலத்தில் எழுத்துக்கும் சொல்லுக்கும் இடையில் அசை என்ற படி ஒன்றைத் தனியாகக் கற்பிக்க வேண்டியுள்ளது.

வரலாற்று இடம்

தில்வொர்த் முதல் இன்றைய தரநிலைகள் வரை முறைகள் பலமுறை மாறியுள்ளன. அசையைப் பொருளற்ற ஒப்பித்தலாக மாற்றியபோது மானின் எதிர்ப்பு நியாயமாயிற்று. அசையைக் கைவிட்டபோது ஃப்ளெஷின் குற்றச்சாட்டுக்கு வாசகர்கள் கிடைத்தனர். நிலைத்து நின்றது வெப்ஸ்டர் 1783-ல் வைத்த அளவுகோல். ஒரு பிரிப்பு சரியா என்பதை, அதனைப் பார்த்துப் படிக்கும் பிள்ளையின் வாயில் சரியான சொல் வருகிறதா என்பதைக் கொண்டே அவர் சோதித்தார். ஈறுகளையும் ஒப்பீட்டையும் கற்பிக்கும் ஆசிரியருக்கும் இந்த அளவுகோல் பொருந்தும்.